எடுத்துப் போட்ட ஏடு

ஜூன் 9, திங்கள்

இன்றும் கோடு நிற்கவில்லை. ரப்பர் தாளின் மேல் ஊசிக்குழாயால் நேராக ஒரு கோடு இழுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் அது முத்து முத்தாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடி முத்து. சாயங்காலம் வரை நான் பார்த்த வேலை முத்து விளைவித்ததுதான்.

நேற்று அம்மா கோவில்பட்டியிலிருந்து போனில் கேட்டாள், "அப்படி என்னதான் செய்யுத அங்க?" என்று. சொன்னேன். காலியம், இண்டியம் என்று இரண்டு உலோகங்களைக் கலந்தால் சாதாரண அறைச் சூட்டிலேயே தண்ணீராக நிற்கும் ஓர் உலோகம் கிடைக்கும். பார்க்கப் பாதரசம் மாதிரி இருக்கும், ஆனால் அந்த விஷம் கிடையாது. இதை ரப்பருக்குள் மெல்லிய கோடாக அடைத்துவிட்டால், ரப்பரை இழுக்கும்போது கோடும் கூடவே நீளும். செம்புக் கம்பி போல அறாது. நீள நீள மின்சாரம் ஓடுவது சிரமமாகும். அந்தச் சிரமத்தை அளந்தால் ரப்பர் எவ்வளவு நீண்டது என்று தெரிந்துவிடும். முழங்காலில் மாட்டினால், கால் எவ்வளவு மடங்குகிறது என்று சொல்லும்.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அது நிக்க மாட்டேங்கு, அதான?" என்றாள். இரண்டு வருட ஆராய்ச்சியை இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுத முடியாது.

எங்கள் ஆய்வகத் தலைவி லூர்து மேடம் திட்டுவதைக்கூட வாழ்த்துகிற குரலில் செய்பவர். இன்று ஒரு புது ஆளை அழைத்து வந்தார். பெயர் நாச்சிமுத்து. திருப்பூர்க்காரர், ரப்பரில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இனி நாங்கள் இருவரும் சேர்ந்து இந்த வேலையைச் செய்ய வேண்டுமாம். என் மேசையில் பாதியை அவருக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். ஜன்னல் இல்லாத பாதியை.

ஜூன் 11, புதன்

நாச்சிமுத்து தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியை உலோகம் சிந்தியிருந்த இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டார். அலுமினிய மூடி. காலியம் அலுமினியத்துக்குள் புகுந்தால் அதை அப்பளமாக்கிவிடும். மத்தியானம் மூடியைத் தூக்கியபோது பாதிதான் கையோடு வந்தது.

"ஏனுங்க மேடம், இது இப்படித்தான் ஆகுமுங்களா?"

ரப்பர் படித்தவருக்கு உலோகத்தின் குணம் தெரியாதது குற்றமில்லை. சாப்பாட்டை வேலை மேசைக்குக் கொண்டுவந்தது குற்றம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தச் சோற்றைக் கொட்டச் சொல்லிவிட்டு, என் புளிச்சோற்றில் பாதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. பசித்த ஆள் பக்கத்தில் இருந்தால் வேலை ஓடாது. அதற்காகத்தான்.

ஜூன் 16, திங்கள்

இன்றுதான் தங்கமாரியைப் பார்த்தேன். லூர்து மேடமும் கல்லூரியின் விளையாட்டு மருத்துவர் ஷாகுலும் அவளை அழைத்து வந்தார்கள். பி.காம். கடைசி வருடம். கபடியில் ரெய்டு போகிறவள். போன வருடம் ஒரு ஆட்டத்தில் வலது முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள், படி ஏறுகிறாள். ஆனால் ஆட விட மாட்டேன் என்கிறார் டாக்டர்.

"படுக்க வெச்சு மடக்கிப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏழு பேர் நடுவுல விழும்போது அந்தக் கால் என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும். கேமராவுல பார்த்தா மத்தவங்க உடம்புதான் தெரியுது. தெரியாம நான் கையெழுத்துப் போட்டு, மறுபடி கிழிஞ்சா, அதோட கபடி முடிஞ்சுது."

கடையில் கிடைக்கிற கருவிகளைக் கட்டிப் பார்த்திருக்கிறார். கெட்டியானவை. ஒருமுறை விழுந்ததும் ஒன்று உடைந்தது, இன்னொன்று அவள் தொடையையே கீறிவிட்டது. மெத்தென்று, தோல் மாதிரி, விழுந்தாலும் அறாத ஒன்று வேண்டும். செப்டம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி. ஆகஸ்ட் கடைசிக்குள் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அணியில் பெயர் சேரும். அடுத்த வருடம் அவள் மாணவி இல்லை.

பெரியவர்கள் இருவரும் போன பிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க எந்தூரு?"

"கோவில்பட்டி."

"நான் விளாத்திகுளம்க்கா. பேச்சக் கேக்கும்போதே நெனச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குக் கால் நல்லாத்தான் இருக்குக்கா. அந்த டாக்டருக்குத்தான் பயம்," என்றாள்.

செய்து தருகிறோம் என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டார். ஒரு கோடு நிற்காத இடத்தில் வாக்குக் கொடுக்க அவருக்கு எவ்வளவு தைரியம். நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கு அது.

ஜூன் 20, வெள்ளி

முத்து. பேசாமல் மாலை கோத்து விற்கலாம்.

ஜூன் 25, புதன்

காற்றுப் பட்டதும் இந்த உலோகத்தின் மேல் ஒரு தோல் படிந்துவிடும். ஆறின பாலின் மேல் படிகிற மாதிரியேதான். எங்கள் வீட்டில் அதை ஏடு என்போம். நாச்சிமுத்து ஆடை என்கிறார். எது சரி என்று இன்று காலை காபி ஆறும்வரை சண்டை போட்டோம். காபி மேலும் ஏடு படிந்தது. அவர் அதை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பேரு எதாயிருந்தா என்னுங்க," என்றார். எனக்கு ஏடு தொண்டையில் பட்டாலே குமட்டும். வடிகட்டித்தான் குடிப்பேன்.

உலோகத்திலும் நான் அப்படித்தான். ஏட்டை வழித்து ஒரு குப்பைப் பாட்டிலில் தள்ளிவிட்டு, அடியில் இருக்கிற பளபளப்பை மட்டும் எடுத்து வேலை செய்கிறேன். ஏட்டையும் சேர்த்துக் கடைந்தால் பசை மாதிரி வரும் என்று படித்திருக்கிறேன். ஆனால் ஏட்டில் மின்சாரம் ஓடாது. அதைக் கலந்துவிட்டு அளவெடுப்பது, அரிசியில் கல்லைச் சேர்த்து நிறுப்பது போல என்பது என் கட்சி. என் மேசையில் சுத்தம்தான் முதல் சட்டம் என்று நாச்சிமுத்துவிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறேன்.

"சரீங்க மேடம்" என்றார். எதைச் சொன்னாலும் சரீங்கதான். இவரோடு சண்டை போடுவதே கஷ்டமாக இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

மத்தியானம் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. கடைவாய்ப் பல் இரண்டு நாளாக உயிரை வாங்கியது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நாச்சிமுத்துவிடம் சொன்னேன்: "கிண்ணத்துல ஏடு நெறய படிஞ்சிருக்கு. அத எடுத்துப் போட்டுட்டு, அச்ச வச்சு ஒரு இழுப்பு இழுத்து வைங்க." அச்சு என்பது கோடு வடிவத்தில் வெட்டிய பிளாஸ்டிக் தாள். கோலம் போடுகிற அச்சு மாதிரி, ரப்பரின் மேல் வைத்து உலோகத்தைத் தேய்த்துவிட்டு எடுத்தால் வெட்டிய இடத்தில் மட்டும் கோடு விழும். விழ வேண்டும். விழாது.

பாதி வாய் மரத்துப்போய்த் திரும்பி வந்தேன். மேசைமேல் ரப்பர் தாள். அதன்மேல் கோடு. முத்தில்லை, கோடு. ஓரம் அவ்வளவு கூர்மையாக, முனையில் மடங்கித் திரும்பி, நாங்கள் அச்சில் வெட்டிய அதே வளைவோடு. ஆனால் பளபளப்பு இல்லை. அழுக்கேறிய பாத்திரம் மாதிரி மங்கலாக இருந்தது.

கிண்ணத்தைப் பார்த்தேன். பளபளப்பான உலோகம் அப்படியே இருக்கிறது. ஏட்டைத்தான் காணோம்.

"என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்னதுதானுங்க. ஏட்டை எடுத்துப் போடச் சொன்னீங்க. எடுத்தனுங்க. போட்டனுங்க."

"எடுத்துப் போடுங்கன்னா, எடுத்துக் குப்பையில போடுங்கன்னு அர்த்தம்."

"குப்பையிலன்னு சொல்லலீங்களே. அச்சையும் சொன்னீங்க, ஏட்டையும் சொன்னீங்க. ஏட்டை எடுத்து அச்சுல போடச் சொல்றீங்கன்னு நெனச்சனுங்க."

மரத்த வாயோடு திட்டுவது சுலபமில்லை. இருந்தாலும் ஆரம்பித்தேன். சுத்தம் என்றால் என்ன, சட்டம் என்றால் என்ன. அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார். கோடு அசையவில்லை. நான் பேசிக்கொண்டே அதைப் பிடுங்கி மீட்டரில் மாட்டினேன், ஓடாது என்று நிரூபிப்பதற்காக.

ஓடியது. சிரமத்தைக் காட்டுகிற எண் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். இழுத்தேன். எண் ஏறியது, துள்ளாமல், படி ஏறுகிற மாதிரி. இன்னும் இழுத்தேன். ரப்பர் இரண்டு மடங்கு நீண்டது. கோடு அறவில்லை. விட்டேன். எண் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அவரிடம் கொடுத்தேன். அவர் இழுத்தார். நான் வாங்கி இழுத்தேன். ஆளுக்கு ஆள் மாற்றி, சவ்வுமிட்டாய் கிடைத்த பிள்ளைகள் மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தோம். திட்டிக்கொண்டிருந்த வாக்கியத்தை நான் முடிக்கவே இல்லை.

இரண்டு வருடமாக நான் பாட்டிலில் தள்ளிக்கொண்டிருந்தது இது. ஏட்டோடு ஒட்டி வந்த உலோகமே மின்சாரம் ஓடப் போதும். அந்தத் தோல்தான் உலோகத்தைப் பிடித்து நிறுத்துகிற கை. அதை வெட்டி எறிந்துவிட்டு, ஏன் நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கழிப்பறைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான். வெளியே வந்தபோது நாச்சிமுத்து, "பல்லு ரொம்ப வலிக்குதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

நேற்று நடந்தது கனவில்லை. இன்றும் நிற்கிறது.

ஆனால் ஏடு மட்டும் போட்டால் காய்ந்து வெடிக்கிறது. ஏடு குறைந்தால் பழையபடி முத்து. உலோகத்தையும் ஏட்டையும் சேர்த்துக் காற்றுப் படக் கடைய வேண்டும். காபியை நுரைக்க வைக்கிற சின்ன பேட்டரிக் கரண்டி ஒன்று நாச்சிமுத்து வாங்கி வந்தார். கடையக் கடையத் தண்ணீராக இருந்த உலோகம் மாவாகி, மாவு வெண்ணெயாகிறது. வெண்ணெய்ப் பதத்தில் நிறுத்தினால் சரியாக இருக்கிறது. தாண்டினால் வீண்.

லூர்து மேடம் வந்து பார்த்தார். மாதிரியின் மேல் நாச்சிமுத்து ஒட்டியிருந்த சீட்டில் "எ.போ. 1" என்று இருந்தது. "அது என்னப்பா எ.போ.?" என்றார். நான் காலால் நாச்சிமுத்துவின் செருப்பை மிதித்தேன். அவர் அதற்குள் சொல்லிவிட்டார்: "எடுத்துப் போட்டதுங்க மேடம்."

கதையைக் கேட்டு மேடம் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆய்வகத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "செண்பகவல்லி, நீ தமிழ் சரியாப் பேசியிருந்தா இது நடந்தே இருக்காது," என்றார். வாழ்த்தா திட்டா என்று வழக்கம்போலத் தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

அம்மாவின் போன். நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னது: "ஏட்டி, அந்த நாச்சிமுத்துங்க பேரு எத்தன தடவ வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

வேலையைப் பற்றிச் சொல்லும்போது வேலை செய்கிறவர் பெயர் வராமல் எப்படிச் சொல்வது. அம்மாவுக்கு ஆராய்ச்சி புரியாது.

ஜூலை 19, சனி

ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று முழுவதும் எங்கள் ஜன்னலைத்தான் குறி வைத்திருக்கிறது. வெண்ணெய்ப் பதத்தில் இருந்த உலோகத்தில் தூசி படிந்து ஒரு நாள் வேலை போயிற்று. நான் மேசையைக் குத்தினேன். நாச்சிமுத்து ஜன்னல் இடுக்கெல்லாம் பழைய பனியன் துணியைத் திணித்து அடைத்தார்.

ஜன்னலை அடைத்தாகிவிட்டது. ஆகவே ஜன்னல் உள்ள பாதி, இல்லாத பாதி என்று பிரித்துப் பேச ஒன்றுமில்லை. மேசையின் நடுவில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்துவிட்டேன். தூசி சேருகிறது என்பதால்.

ஜூலை 28, திங்கள்

முழங்காலில் மாட்டுகிற உறை தயார். நீளும் துணி, அதன்மேல் ரப்பர், ரப்பருக்குள் எங்கள் கோடு. தங்கமாரி மாட்டிக்கொண்டு, "இட்லி மாவ தடவின மாதிரி இருக்குக்கா" என்றாள். உட்கார்ந்து எழுந்தாள். திரையில் எண் ஏறி இறங்கியது. இன்னொரு முறை. மூன்றாவது முறை உட்காரும்போது திரை செத்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோடு அறுந்துவிட்டதா. பிரித்துப் பார்த்தால் கோடு நன்றாக இருக்கிறது. கோட்டிலிருந்து கருவிக்குப் போகிற செம்புக் கம்பி, ரப்பருக்குள் நுழைகிற அந்த ஒரு புள்ளியில் ஒடிந்திருக்கிறது. மெத்தென்று இருப்பதும் விறைப்பாக இருப்பதும் சந்திக்கிற இடம். ரப்பர் நீள்கிறது, கம்பி நீளாது, சண்டை அங்கேதான்.

"ஆகஸ்ட் வரப் போகுதுக்கா," என்றாள் தங்கமாரி. கோபமில்லை அந்தக் குரலில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் பாவாடை நாடாவை இழுத்துக் கட்டும்போது அப்படியே நின்றுவிட்டேன். நாடா துணியோடு தைக்கப்பட்டிருக்கவில்லை. மடிப்புக்குள் தாராளமாக ஓடுகிறது. துணி எவ்வளவு சுருங்கினாலும் விரிந்தாலும் நாடாவுக்கு ஒன்றுமில்லை.

கம்பியை ரப்பரோடு ஒட்டியதுதான் தப்பு. மடிப்பு ஒன்று தைத்து, அதற்குள் கம்பியை வளைந்து வளைந்து போகும்படி விட்டுவிட்டால் இழுப்பு அந்தப் புள்ளிக்கே வராது.

ஆய்வகத்துக்கு ஓடி நாச்சிமுத்துவிடம் சொன்னேன். "எந்த மடிப்புங்க?" என்றார். "பாவாடை நாடா போகிற மடிப்பு" என்றேன். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. மூன்று தலைமுறையாகத் துணி தைக்கிற குடும்பத்தில் பிறந்தவருக்கு இதில் வெட்கம் என்ன. மத்தியானப் பேருந்திலேயே உறைத் துணியோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அங்கே அவர் அண்ணனின் தையல் எந்திரம் இருக்கிறது.

ஆய்வகம் இன்று ரொம்பச் சத்தமாக இருந்தது. ஆள் இல்லாதபோது எந்திரங்களின் சத்தம் அதிகமாகக் கேட்கும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டு காலுக்கும் இரண்டு உறை. உள்விளையாட்டரங்கில் நீலப் பாய். எதிரே அவள் அணிப் பெண்கள் ஏழு பேர், கொஞ்சமும் இரக்கப்படாமல் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் ஷாகுல் சொல்லியிருந்தார். திரையில் இடது காலுக்குப் பச்சைக் கோடு, வலது காலுக்குச் சிவப்பு. முழங்கால் மடங்கினால் கோடு இறங்கும்.

தங்கமாரி கபடி கபடி என்று பாடிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். கைகால்களின் குவியலில் அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. நான் திரையைப் பார்த்தேன். இரண்டு கோடும் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன. குவியல் கலைந்தது. ஓடின. மறுபடி ரெய்டு, மறுபடி குவியல். ஓடின. வேர்வையில் உறை நனைந்து சொட்டியது. அப்போதும் ஓடின. நாச்சிமுத்து என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மனதுக்குள் பட்டாசு வெடித்தது. ஏழு பேர் விழுந்தாலும் அறாத கோடு எங்களுடையது.

டாக்டர் சிரிக்கவில்லை. திரைக்கு அருகே வந்து குனிந்தார். "சிவப்புக் கோட்டைப் பாருங்க," என்றார்.

பார்த்தோம். விழும்போதெல்லாம் பச்சை ஆழமாக இறங்குகிறது. சிவப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும்.

"இது தப்பாக் காட்டுதுக்கா," என்றாள் தங்கமாரி. நியாயம்தான், சோதிக்க வேண்டும். உறைகளைக் கால் மாற்றி மாட்டினோம். இப்போது பச்சை பாதியில் நின்றது. உறையில் தப்பில்லை. எந்த உறையை மாட்டினாலும் வலது கால்தான் முழுதாக மடங்க மறுக்கிறது. எங்கள் கோடு நிஜத்தைச் சொல்லிவிட்டது.

"கால்ல கோளாறு இல்லம்மா," என்றார் டாக்டர் மெதுவாக. "படுக்க வெச்சா முழுசா மடங்குது. ஆட்டத்துல நீதான் அதை விட மாட்டேங்கற. எல்லாப் பாரத்தையும் இடது கால் வாங்குது. இப்படியே ஆடினா அடுத்து அது கிழியும்."

அவள் பாயில் உட்கார்ந்தாள். திரையையே பார்த்தாள். "அப்பம் எனக்குத்தான் பயமாக்கா?" என்று என்னைக் கேட்டாள். நாங்கள் ஜெயித்த நாளில் அவள் தோற்றாள். இரண்டையும் செய்தது ஒரே கோடு. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தங்கமாரி போனை எடுக்கவில்லை. அறைத்தோழியிடம் விசாரித்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கிறாளாம்.

ஆகஸ்ட் 16, சனி

நான் போவதற்கு முன்னால் ஆய்வக வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் விளையாட்டுப் பை.

"அக்கா, அந்தக் கோட்ட எனக்குக் காட்டிக்கிட்டே இருங்க. எப்பம் பயப்படுதேன்னு எனக்கே தெரியலன்னாத்தான கஷ்டம். தெரிஞ்சா நான் பாத்துக்கிடுவேன்."

ஆட்டத்தின் நடுவில் திரையை எப்படிப் பார்ப்பது. நாச்சிமுத்து உட்கார்ந்து யோசித்து, வலது காலும் இடது காலுக்குச் சமமாக இறங்கினால் ஒரு மணி அடிக்கிற மாதிரி செய்து கொடுத்தார். சைக்கிள் மணிச் சத்தம். டாக்டர் இனி தினமும் எவ்வளவு பாரம் என்று அளந்து சொல்லிப் பக்கத்திலேயே நிற்பாராம். முதலில் தனியாக உட்கார்ந்து எழுவது, பிறகு ஒருவர் பிடிக்க, பிறகு இரண்டு பேர்.

இன்று மணி அடிக்கவே இல்லை. "நாளைக்கு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒரு தடவை அடித்தது. எதிரே நின்ற பெண் பிடியை விட்டுவிட்டுக் கைதட்டினாள். டாக்டர் அவளைத் திட்டினார். அவரும் தட்டிக்கொண்டுதான் திட்டினார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பத்து விழுகைக்கு நாலைந்து மணி. உறை ஒன்று கிழிந்தது. துணிதான், கோடு இல்லை. லூர்து மேடம் கட்டுரை எழுத ஆரம்பிக்கச் சொல்கிறார். முதல் பெயராக யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். நாச்சிமுத்து என் பெயரைச் சொன்னார், நான் அவர் பெயரைச் சொன்னேன். நான் இவ்வளவு மரியாதை தெரிந்த ஆள் இல்லை. என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கடைசிச் சோதனை. டாக்டர் மணியை அணைக்கச் சொல்லிவிட்டார். "சத்தத்துக்காக மடக்கறியா, தானா மடங்குதான்னு பார்க்கணும்." திரையையும் அவள் பார்க்க முடியாதபடி திருப்பிவிட்டோம். ஏழு பேர் எதிரே.

முதல் ரெய்டு. இரண்டு கோடும் பக்கத்துப் பக்கத்தில் இறங்கின. இரண்டாவது. மூன்றாவதில் மூலையில் மடக்கிவிட்டார்கள், வலது பக்கமாகத்தான் விழுந்தாக வேண்டும். சிவப்பு இறங்கிக்கொண்டே போனது. பச்சையைத் தாண்டி இறங்கியது. பிறகு நிதானமாக ஏறி, புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றது. தங்கமாரி குவியலுக்கு அடியிலிருந்து சிரித்துக்கொண்டு எழுந்தாள்.

டாக்டர் ஷாகுல் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். என் பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.

தங்கமாரி என்னைத் தூக்கிவிட்டாள். நிஜமாகவே தரையிலிருந்து தூக்கிவிட்டாள். "ஏட்டி, கால்" என்று நான் கத்த, "கால் நல்லா இருக்குக்கா," என்றாள். இந்த முறை நான் நம்பினேன்.

திரும்பி வரும் வழியில் நாச்சிமுத்து, "செண்பகம், டீ சாப்பிடலாமுங்களா?" என்று கேட்டார். மேடம் என்று சொல்லவில்லை. கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். டீயில் ஏடு படிந்திருந்தது. வடிகட்டவில்லை.

செப்டம்பர் 13, சனி

இறுதி ஆட்டம். போட்டியில் உடம்பில் எந்தக் கருவியும் மாட்டக் கூடாது. ஆகவே எங்களுக்கு இன்று வேலை இல்லை. லூர்து மேடமும் டாக்டரும் முன்வரிசையில். நானும் நாச்சிமுத்துவும் மேலே, நெருக்கியடித்துக்கொண்டு. இடமில்லாததால் நெருக்கம்.

கடைசி வரை இழுபறி. எங்கள் அணி இரண்டு புள்ளி எடுத்தால் எதிரணி இரண்டு எடுக்கும். கடைசி ரெய்டு வந்தபோது இரண்டு பக்கமும் சமம். பயிற்சியாளர் தங்கமாரியைக் கை காட்டினார்.

அவள் மண்ணைத் தொடுகிற மாதிரி பாயைத் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இடது மூலையில் நின்ற பெண்ணின் தோளில் விரல் பட்டது. எனக்கே தெரிந்தது. உடனே மற்றவர்கள் கை கோத்துச் சங்கிலியாகச் சூழ்ந்தார்கள். நடுக்கோட்டுக்குத் திரும்ப ஒரே வழி, வலது காலை ஊன்றி அப்படியே பாய்வது. ஒருத்தி அவள் இடுப்பைப் பிடித்துவிட்டாள். தங்கமாரி வலது காலை ஊன்றினாள், அவளையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தாள், வலது முழங்கால் முழுக்க மடங்கி உடம்பு முழுவதும் அதன்மேல் விழுந்தது, கை நீண்டு நடுக்கோட்டைத் தாண்டியது.

விசில்.

அரங்கம் எழுந்து நின்றது. நானும் எழுந்து கத்தியிருக்கிறேன், குரல் இப்போதும் கம்மியிருக்கிறது. கீழே இறங்கும்போதுதான் பார்த்தேன், நாச்சிமுத்துவின் முழங்கையை நான் பிடித்த பிடியை விடவே இல்லை. அவரும் விடச் சொல்லவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு அந்தக் கையை விட மனமில்லை. இதை ஒளித்து எழுத இனி என்னால் ஆகாது.

தங்கமாரியைத் தோளில் தூக்கிவைத்து ஆடி முடித்து இறக்கிவிட்டிருந்தார்கள். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். நான் அவள் முழங்காலையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, அவளும் குனிந்து பார்த்தாள்.

"எந்தக் கால்லக்கா விழுந்தேன்?"

அவளைக் கூர்ந்து பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"வலதுல," என்றேன்.

"அப்படியா," என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டாள்.